மாடிக் காபிக்கடையில் ஒரு கிட்டார் இரவு: எல்லாரும் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாகர்கோவில் பார்வதிபுரம் பக்கம் ஒரு மாடிக் காபிக்கடையில், பெங்களூரில் இருந்து வந்திருந்த, இண்டி ராக் வாசிக்கும் கிட்டார்க்காரர் ஒருவரின் கச்சேரிக்குப் போய்விட்டு வந்தேன். எனக்கு வயது நாற்பத்தேழு. வீடு தக்கலையில், வேலை நாகர்கோவிலில் கணக்கு எழுதுவது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில், அலுவலகத்தில், டீக்கடையில், ஒரு கல்யாணப் பந்தியில்கூட இதே பேச்சு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். கிட்டார்க்காரரின் பெயரையும் கடையின் பெயரையும் போடவில்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இந்த வயசுல உமக்கு எதுக்கு இந்த வேலை? (மயினி கேட்டது)

அக்கா மகன்தான் காரணம். இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். கூட வருவதாகச் சொன்ன கூட்டாளிக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். "மாமா, சும்மா வாங்க. பிடிக்கலன்னா பாதியில எறங்கிரலாம்" என்றான். கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்றுதான் போனேன். பாதியில் இறங்கவில்லை.

இண்டி ராக் என்றால் இந்திப் பாட்டா?

இந்தக் கேள்வியை இரண்டு பேர் கேட்டார்கள், இரண்டு பேருமே கிண்டலாகக் கேட்கவில்லை. இந்தியும் இல்லை, இந்தியாவும் இல்லை. இண்டிபென்டன்ட், அதாவது சுயேச்சை என்ற சொல்லை வெட்டிச் சுருக்கியது இண்டி. தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பொருள்தான். பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், தன் பாட்டைத் தானே எழுதி, தன் செலவில் பதிவு செய்து, தானே விற்பவர்.

இந்தப் பழக்கம் பெரிய அளவில் கிளம்பியது பிரிட்டனில். மான்செஸ்டர் பக்கத்து பஸ்காக்ஸ் என்ற குழு, 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டது. அதைப் பார்த்த மற்ற பையன்களுக்கும், 'அட, இதை நாமும் செய்யலாமே' என்று துணிச்சல் வந்தது. 1980-இல் இப்படிப்பட்ட தட்டுகளுக்கென்றே அங்கே தனி விற்பனைப் பட்டியல் வந்துவிட்டது. அப்புறம் போகப் போக, காசு யாருடையது என்பதைக் காட்டிய சொல் ஒரு வாசிப்பு முறைக்கும் பெயராகிவிட்டது. கம்பிகளை ஒன்றொன்றாகச் சுண்டிப் பின்னுகிற கிட்டார், மெனக்கெட்டு அலங்கரிக்காத குரல், அன்றாட வாழ்க்கையைப் பேசும் வரிகள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லலாம்.

நமக்கு இது ரொம்பத் தூரத்துச் சமாச்சாரமும் இல்லை. களியிக்காவிளை தாண்டினால் வருகிற திருவனந்தபுரத்தில் கிளம்பிய குழுதான் அவியல். மலையாளத்தில் ராக் பாடினார்கள், 2008-இல் ஆல்பம் வந்தது. குழுவுக்கு அந்தப் பெயரை வைத்ததற்காகவே நம் ஊர்க்காரர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறியது. அதில் ராக்கோடு கானாவும் ராப்பும் பறையும் சேர்ந்து வரும்.

சினிமாப் பாட்டே கிடையாதா? பிறகு தெரியாத பாட்டை இரண்டு மணி நேரம் எப்படிக் கேட்பது?

எனக்கும் இதுதான் பெரிய பயம். நாம் பாட்டு கேட்பது என்று சொல்வதில் முக்கால்வாசி, ஏற்கனவே தெரிந்த பாட்டைத் திரும்பக் கேட்பதுதான். முதல் இசை வந்ததும் 'ஆ, இது அந்தப் பாட்டு' என்று ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் அங்கே கிடையாது. முதல் இரண்டு பாட்டுக்கு, தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருந்தது.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அவர் பேச ஆரம்பித்தார். வாடகை வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்னதால், கிட்டாரை மாட்ட இடமில்லாமல் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தான் தரையில் படுத்த கதை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு பாட்டாகிவிட்டது. எந்த இடத்தில் பேச்சு நின்றது, எந்த இடத்தில் பாட்டு தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

சின்ன வயதில் இரணியல் பக்கம் எங்கள் ஆச்சி ஊரில் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பார்கள். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டுவார், மணிகள் குலுங்கும். பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் தட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் உடுக்கு. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வசனம், பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் முன்னால் மண்ணில் உட்கார்ந்திருப்போம். புலவருக்கு வியர்ப்பது தெரியும், இருமினால் நமக்கும் தொண்டை செருமும். கதை முன்னமே தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆள் பக்கத்தில் இருக்கிறார், நம்மைப் பார்த்துச் சொல்கிறார், அது போதும்.

அந்த நெருக்கம்தான் இடையில் எங்கேயோ போய்விட்டது. இப்போது திருவிழாக் கச்சேரி என்றால் எல்இடி திரை, தெருமுனை வரை பாக்ஸ். நீங்கள் மேடையில் இருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால், சத்தம் மேடையில் இருந்து உங்களிடம் வரவே கால் நொடிக்கு மேல் ஆகும். ஒலிக்கு வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தானே. டிரம்ஸ்காரர் குச்சியை இறக்குவதைக் கண் முதலில் பார்க்கும், காதுக்கு அது பிறகுதான் வரும். இந்த மாடியில் எனக்கும் அவருக்கும் நாலு மீட்டர். விரல் கம்பியில் இழுபடும்போது வருகிற 'க்ரீச்' வரைக்கும் கேட்டது. தெரியாத பாட்டு என்பது அதற்கப்புறம் எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு ஆள் எப்படி அத்தனை சத்தம் எழுப்பினார்? பின்னால் ரெக்கார்டு ஓடியதா?

ரெக்கார்டு ஓடியது, ஆனால் அதை அவரே எங்கள் கண்முன்னால் போட்டார். காலடியில் லூப்பர் என்று ஒரு பெட்டி. காலால் ஒரு மிதி மிதித்தால் பதிவு தொடங்கும், எட்டு மாத்திரை வாசித்துவிட்டு மறுபடி மிதித்தால் அந்தத் துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். அதன்மேல் இன்னொரு வரிசை வாசிக்கலாம், அதன்மேல் இன்னொன்று. முதலில் கிட்டாரின் உடம்பை உள்ளங்கையால் தட்டித் தாளம் போட்டார், அப்புறம் தடித்த கம்பியில் கீழ்ச்சுரம், அப்புறம் மேலே சின்னச் சின்னப் பின்னல். நாலாவது சுற்றில் ஒரு குழுவே உட்கார்ந்து வாசிப்பதுபோல் ஆகிவிட்டது.

இதில் ஆபத்து என்னவென்றால், கால் ஒரு இமைப்பொழுது பிந்தி மிதித்தாலும் அந்தத் தவறும் சேர்ந்து சுற்றும். சுற்றுக்குச் சுற்று கல் தடுக்கிய மாதிரி ஒரு நொண்டல். ஐந்தாவது பாட்டில் அது நடந்தது. இரண்டு சுற்று பொறுத்துப் பார்த்தார், முகம் சுளித்தார், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க, கால் இன்னும் பெங்களூர்லயே இருக்கு" என்று முதலில் இருந்து ஆரம்பித்தார். அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதற்குத்தான். பதிவு செய்த ஆல்பத்தில் இந்த இடம் கிடைக்காது.

லூப்பர்போலக் காலால் அமுக்கும் மற்ற பெட்டிகள், அதாவது பெடல்கள், எல்லாம் ஒலியைச் சிதைப்பவை, நீட்டுபவை, எதிரொலிக்க வைப்பவை. ஒன்றை அமுக்கினால் கிட்டார் மோட்டார்போல உறுமும், இன்னொன்று கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஆக்கும். பத்துப் பெடலை ஒரு பலகையில் வரிசையாகக் கட்டி வைத்திருந்தார். பலகை அலமாரிக் கதவாம், அவரே சொன்னார்.

ஆரம்பத்தில் 'உம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்ததாமே, மைக் செட் சரியில்லையா?

அக்கா மகன் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். மைக் செட் சரியாகத்தான் இருந்தது. அவருடைய கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்அப், ஒற்றைச் சுருள் வகை. காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். கம்பியின் அதிர்வை அது மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் அது கம்பியை மட்டும் கேட்பதில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறதே, அந்த அலையையும் வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ பழைய ஃபிரிட்ஜோ இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு மருந்தாகத்தான் 1955-இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் இரட்டைச் சுருள் பிக்அப் செய்தார். இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் தங்கும். அதனால்தான் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 'ஹம்' என்பது அந்த உம்ம்ம்தான்.

அப்படியானால் எல்லாரும் அதையே வைத்துக்கொள்ளலாமே என்றால், ஒற்றைச் சுருளின் ஒலியில் ஒரு பளிச் இருக்கிறது, பித்தளைத் தட்டில் ஸ்பூன் பட்டாற்போல. அதற்காக இந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம். இவர் செய்த வைத்தியம் எனக்குப் பிடித்திருந்தது. கிட்டாரோடு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினார். ஒரு திசையில் இரைச்சல் கூடியது, ஒரு திசையில் சட்டென்று அடங்கியது. அடங்கிய திசையில் இருந்தது கடையின் சமையலறை வாசல். மீதிக் கச்சேரி முழுவதையும் ஓரமாகச் சமையலறையைப் பார்த்தபடிதான் வாசித்தார். தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்குத்தான் அன்றைக்கு நேர் எதிர் இருக்கை.

350 ரூபாய் அதிகமில்லையா? அந்தக் காசில் குடும்பத்தோடு படம் பார்க்கலாமே?

கணக்கு எழுதுகிறவனிடம் இதைக் கேட்கலாமா? கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்தேன். ஐம்பத்தைந்து நாற்காலி, ஆளுக்கு 350 என்றால் 19,250. ஒலிபெருக்கி வாடகையும் அதை இயக்குகிறவர் கூலியும் 4,500. மிச்சம் 14,750-இல் எழுபது சதவீதம் கிட்டார்க்காரருக்கு, அதாவது 10,325. அதில் இருந்து பெங்களூரில் இருந்து ரயில், லாட்ஜ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் போக வேண்டும். கடைக்காரருக்குக் கிடைப்பது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு அன்று சாயங்காலத்து வழக்கமான வியாபாரத்தை விட்டிருக்கிறார். நாற்காலி எல்லாம் நிறைந்ததால் இந்தக் கணக்கு. இருபது பேர் வந்திருந்தால் யார் கையைக் கடித்திருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அவர் வார நாளில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பாட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பதை அவரே சொல்லிச் சிரித்தார். வாசலில் மேசை போட்டு ஸ்டிக்கரும் துணிப்பையும் விற்றார்கள். நான் ஒரு பை வாங்கினேன். இப்போது அதில்தான் காய்கறி வருகிறது.

காது போய்விடாதா?

போகும், கவனமாக இல்லாவிட்டால். இதில் எனக்கு விளையாட்டு கிடையாது, ஏனென்றால் எங்கள் மாமா ஒருவர் முந்திரி ஆலையில் இயந்திரத்துப் பக்கத்தில் முப்பது வருடம் நின்று காதை இழந்தவர்.

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்கிற அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 100-க்கு வந்தால் வெறும் பதினைந்து நிமிடம். கச்சேரி நடக்கும் இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அக்கா மகன் மொபைலில் ஒரு செயலி வைத்துப் பார்த்தான், பெரும்பாலும் 90-ஐ ஒட்டி நின்றது. மொபைல் கணக்கு துல்லியம் இல்லை, ஒரு மதிப்புக்குச் சொல்கிறேன். ஸ்பீக்கர் முன்னால் உட்காராதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பான் ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காதில் 'ங்ஙீ' என்று கேட்டால், நீங்கள் இருந்த இடம் தப்பு என்று பொருள். உள்ளபடி சொன்னால், நம் கல்யாண மண்டபத்துச் செண்டையும் தெருமுனைப் பாக்ஸும் இதைவிட மோசம், அதற்கு யாரும் காதைப் பற்றிக் கேட்பதில்லை.

நல்லா போய்க்கொண்டிருந்ததை ஏன் ஒன்பதே முக்காலுக்கு முடித்தார்கள்? போலீஸ் வந்ததா?

யாரும் வரவில்லை. ஒலி மாசு தொடர்பாக 2000-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, இரவு பத்து மணியில் இருந்து காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. இந்த மாடியில் மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்து கிடக்கிறது. இது மூடிய இடமா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்காரரோடு வாதாடுவதைவிட, ஒன்பதே முக்காலுக்கு முடிப்பது புத்திசாலித்தனம். அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓசியில் கேட்டார் என்பது வேறு கதை.

'ஒரு இளையராஜா பாட்டு' என்று கேட்கலாமா?

ஒருவர் கேட்டார். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பின்னால் இருந்து, "தம்பி, ராஜா பாட்டு ஒண்ணு!" கிட்டார்க்காரர் கோபப்படவில்லை. "அண்ணா, ராஜா சாரே கிட்டார் வாசிக்கிறவர். நான் அதைக் கெடுக்க வேண்டாம்" என்றார். கேட்டவர் விடவில்லை, மூன்றாவது பாட்டு முடிந்ததும் மறுபடி கேட்டார். அப்போது கூட்டமே திரும்பிப் பார்த்தது.

என் அபிப்பிராயம்: கேட்காதீர்கள். கேட்பது குற்றமில்லை, ஆனால் ஒருவர் தன் வீட்டுச் சமையலைப் போட்டு விருந்துக்குக் கூப்பிடும்போது, 'பக்கத்து ஓட்டல் பிரியாணி இல்லையா' என்று இலையில் உட்கார்ந்து கேட்பதுபோல அது.

இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வருமா?

இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். நம்ம ஊரில் கிட்டார் இல்லாத சர்ச் எது? டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்டில் வீட்டுக்கு வீடு வந்து வாசிக்கிற பையன்களில் எத்தனை பேருக்கு நாலு கார்டு, அதாவது சுரக்கூட்டு, தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளில் கிட்டார் பழகிய எல்லாருமே பாடகர் குழுவில்தான் பழகினார்கள். சுசீந்திரத்தில் கல்லைத் தட்டினால் சுரம் வரும்படி தூண் செய்து வைத்த ஊர் இது. உள்ளூருக்கென்றே ஒரு வானொலி நிலையம் என்பதை அகில இந்திய வானொலி முதன்முதலில் 1984-இல் ஆரம்பித்ததே நாகர்கோவிலில்தான். தில்லியில் இல்லை, சென்னையில் இல்லை.

வாசிக்க ஆளும் உண்டு, கேட்கக் காதும் உண்டு. இல்லாதது இடம். ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அறுபது பேர் வசதியாக உட்கார்ந்து ஒருவர் வாசிப்பதைக் கேட்க ஒரு அறை தேடினால், விரல் விட்டு எண்ணக்கூட வேலை இருக்காது. அதனால் திறமையுள்ள பையன்கள் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள், அல்லது சனி ஞாயிறு கல்யாண ரிசப்ஷனில் சினிமாப் பாட்டு வாசித்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போகிறார்கள். அன்றைக்கு முதல் இருபது நிமிடம், நம் மாவட்டத்துப் பெண் பிள்ளை ஒருத்தி மூன்று பாட்டு பாடினாள். கல்லூரியில் படிக்கிறவளாம். முதல் பாட்டில் குரல் நடுங்கியது, மூன்றாவதில் இல்லை. அவளுக்கு அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்க நம் மாவட்டத்தில் வேறு எந்த மேடை இருந்தது?

மழை பெய்தால்?

பெய்தது. ஐப்பசி மாதம், பெய்யாமல் இருந்தால்தான் அதிசயம். நமக்குத்தான் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தகரத்தில் விழுந்த முதல் ஐந்து நிமிடம் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார், பிறகு மழையின் வேகத்துக்கே ஒரு தாளம் பிடித்து லூப்பரில் போட்டார். நன்றாக இருந்ததா என்றால், சுமார்தான். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. போனால் நனைய வேண்டும்.

வீட்டுப் பெண்கள் தனியாகப் போகலாமா? பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

வந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெண்கள். தோழிகளாக நாலைந்து பேர் சேர்ந்து வந்திருந்தார்கள், தனியாக வந்தவர்களும் உண்டு. காபிக்கடை, குடி கிடையாது. பிள்ளைகள் விஷயத்தில், பத்து வயதுக்குக் கீழ் என்றால் காதை நினைத்து யோசியுங்கள். வந்திருந்த ஒரு குட்டிப் பையன் நாலாவது பாட்டிலேயே அப்பா மடியில் தூங்கிவிட்டான், அவ்வளவு சத்தத்தில் எப்படி என்று தெரியவில்லை.

வீடியோ எடுக்கலாமா?

ஒரு பாட்டு எடுங்கள், போதும். நாலு மீட்டரில் ஆள் இருக்கும்போது ஆறு அங்குலத் திரையில் பார்ப்பதற்கு எதற்கு 350? ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு?

கட்டன் சாயா, காபி, சாண்ட்விச், ஏத்தம்பழ பஜ்ஜி. பஜ்ஜி நன்றாக இருந்தது. ஜூஸ் மட்டும் பாட்டு நடக்கும்போது போட மாட்டார்கள். மிக்சி ஓடினால் தாழ்ந்து பாடுகிற இடமெல்லாம் போய்விடும். இடைவேளையில் கேளுங்கள். முழுச் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள்.

திரும்பி வருவது எப்படி?

ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்களுக்கு, வடசேரியில் இருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்துகள் பார்வதிபுரம் வழியாகத்தான் வரும், அங்கேயே ஏறிக்கொள்ளலாம். குளச்சல், கன்னியாகுமரி என்றால் இரவில் பேருந்தை நம்புவதைவிட பைக்கோ, நாலு பேர் சேர்ந்து ஒரு காரோ நல்லது. நாங்கள் பைக்கில் வந்தோம். வில்லுக்குறி தாண்டும்வரை மழை. அக்கா மகன் பின்னால் உட்கார்ந்து, கேட்ட பாட்டைத் தப்பான ராகத்தில் பாடிக்கொண்டே வந்தான்.

என் மகனும் கிட்டார் வேண்டும் என்கிறான், என்ன வாங்கிக் கொடுக்க? (அலுவலக நண்பர்)

இதை அங்கேயே கிட்டார்க்காரரிடம் கேட்டேன். மின்கிட்டார்தான் கஷ்டம் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அதன் கம்பி மெல்லிசு, விரலுக்கு வலி குறைவு. ஆனால் கூடவே ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி, வாங்க வேண்டும், செலவு இரட்டிப்பாகும். அதனால் முதலில் சாதாரண மரக் கிட்டார், நைலான் கம்பி போட்டது என்றால் இன்னும் நல்லது, ஆறு மாதம் விடாமல் வாசிக்கிறானா என்று பாருங்கள் என்றார். யாரிடமாவது பழசு இருந்தால் அதுவே போதும்.

நம் ஊருக்கென்று அவர் சொன்ன எச்சரிக்கை ஒன்று. கடற்காற்று. உப்பும் ஈரமும் சேர்ந்தால் எஃகுக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி சுருதியில் நிற்காது, விரலையும் கிழிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியை மேலும் கீழும் துடைக்க வேண்டும். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து மூடி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். முட்டம், குளச்சல் பக்கம் வீடு என்றால் மேல்பூச்சு போட்ட கம்பி விலை அதிகமானாலும் லாபம்தான்.

அந்தப் பையன் சாப்பிட்டானா? (அம்மா)

கச்சேரியைப் பற்றி அம்மா கேட்ட ஒரே கேள்வி இது. சாப்பிட்டார் அம்மா. எல்லாரும் போன பிறகு ஆம்பைத் தூக்கிக் கீழே இறக்க நாங்களும் ஒரு கை கொடுத்தோம். சின்னதாகத் தெரிந்தாலும் நல்ல கனம், படி வேறு செங்குத்து. அப்புறம் அவரோடு வடசேரி பக்கம் ஒரு கடைக்குப் போனோம். நாலு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டார், ரசவடை இருக்கிறதா என்று கேட்டார், அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? பில்லை நான் கொடுக்கலாம் என்று கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் கொடுத்துவிட்டார்.